இடப்பக்கச் சக்கரங்கள்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு புதுக் கார் வந்து நின்றது. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுடையது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நான் காய்கறிப் பையைத் தூணோரம் வைத்துவிட்டு, அதன் வலப்பக்கச் சக்கரத்தை ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் குனிந்து பார்த்தேன். சந்தேகம் தீரவில்லை. மறுபடி வலப்பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா மேடம், காத்து எறங்கிடுச்சா?" பின்னாலிருந்து காவலாளி கேட்டார்.

"இல்ல, சும்மா பாத்தேன்."

"உங்க வண்டியா?"

"இல்ல."

நான் படியேறி மறையும்வரை அவர் அந்தக் காருக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையுடன், அடுத்தவர் காரின் சக்கரத்தை மூன்று தடவை சுற்றிவந்து பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற வியாதி. நேர்க்கம்பி வைத்த சக்கரங்கள் என்னை ஒன்றும் செய்வதில்லை. கம்பிகள் ஒரே பக்கமாக வளைந்து சுழல்வதுபோல் இருக்கும் சக்கரம் கண்ணில் பட்டால்தான் தொல்லை தொடங்கும். வண்டியின் அந்தப் பக்கத்தையும் பார்த்தால்தான் அடங்கும். சிக்னலில் நிற்கும்போது என் கணவர், "ஆரம்பிச்சுட்டியா?" என்பார். எங்கே ஆரம்பித்தது என்பது அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருஷம் அது. எங்கள் வீடு திருவள்ளூரில் இருந்தது. அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. நான் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு அலுமினியச் சக்கரம் வார்க்கும் ஒரு கம்பெனியில், டிசைன் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. ஒரு வருஷம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அந்தக் கைகுலுக்கலை நினைத்து நான் பயப்படாத நாள் கிடையாது.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போகிறவர்கள் சென்னைவரை போய்த்தான் திரும்பவேண்டும். காலை வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, படியேறி, படியிறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்கவேண்டும். ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ்ஸிலும் போகலாம். ஒரு தடவை போனேன். வாந்தி வந்து, ஜன்னலோரத்தில் இருந்தவர் இடம்மாறி உட்காரும்படி ஆகிவிட்டது. அதோடு சரி. அம்மா கட்டிக்கொடுக்கும் புளியோதரை வாசனை பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிடும். எதிரே உட்காருகிறவர்கள் டப்பாவைப் பார்ப்பார்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மாலையில் அதே டப்பாவைத் திறந்தால் கூலன்ட் வாடை வரும். இயந்திரத்தில் உலோகத்தை வெட்டும்போது சூடாகாமலிருக்கப் பால்போல ஒன்றை ஊற்றுவார்களே, அது. சட்டையில், பின்னலில், சாப்பாட்டு டப்பாவில் எல்லாம் ஏறிவிடும். "இதென்னடி, கெட்டுப்போன மோர் மாதிரி ஒரு நாத்தம்?" என்று அம்மா தினமும் கேட்பாள். தினமும் ஒரே பதில்தான் சொல்வேன்.

எங்கள் மேனேஜர் பெயர் தண்டபாணி. நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அந்தச் சின்ன 'டக்' கேட்டால் அறையிலிருக்கும் ஆறு பேரும் தட்டச்சை நிறுத்திவிடுவோம். ஒருநாள் அவர் கண்ணாடியோடு, சிரித்த முகமாக, கையில் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு கார். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், அரக்குச் சிவப்பு, முகம் தெரிகிற பளபளப்பு. வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்றிலிருந்து மூன்று பேர் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வரப்போகிறார்கள். அவர்கள் கொண்டுவரவிருக்கும் புதுக் காருக்குச் சக்கரம் வார்க்கும் வேலை எங்களுக்குக் கிடைக்குமா என்பது அந்த வருகையில் இருக்கிறது. அவர்களுடைய காரையே பத்தில் ஒரு பங்கு அளவில், சென்னையில் மாடல் செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார் தண்டபாணி சார்.

"எல்லாரும் படத்தைக் காட்டுவாங்க. நாம வண்டியையே காட்டணும்" என்றார். "இந்த பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழட்டிடுங்க. நம்ம டிசைனை அலுமினியத்துல பண்ணி மாட்டணும்."

நம்ம டிசைன் என்றதும் எனக்குக் காது சூடானது. நடுவிலிருந்து விளிம்புக்கு ஏழு கம்பிகள், காகிதக் காற்றாடிபோல எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருக்கும். சக்கரத்தின் அகலம், ஆழம், திருகுத் துளைகள் எல்லாம் சீனியர்கள் போட்டவை. அந்த வளைவு மட்டும் என்னுடையது. மூன்று நாள் இழுத்து இழுத்துப் பார்த்துக் கொண்டுவந்த கோடு. ரயிலில் மூடுபனி படிந்த ஜன்னலில்கூட விரலால் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, வேலையை என்னிடம்தான் கொடுத்தார். எனக்கு மூன்று வாரம் இருந்தது.

எங்கள் இயந்திரங்கள் எல்லாம் பெரியவை. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரம் அவற்றின் பிடிக்குள் விழுந்தால் தேடித்தான் எடுக்கவேண்டும். ஸ்டோர்ஸில் விசாரித்ததில் ஜலீல் பாயின் பட்டறையைச் சொன்னார்கள். பைபாஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு லேத்து, உலோகத்தைச் சீவி வடிவம் எடுக்கும், பெங்களூரிலிருந்து பழையதாக வாங்கிவந்த கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் ஒன்று. அந்த மில்லிங் மெஷினை மட்டும் காலையில் வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஐம்பது வயதிருக்கும். பழவேற்காட்டுக்காரர், துணி வியாபாரக் குடும்பம். "எங்க ஊட்ல எல்லாரும் துணியைக் கிழிச்சு விக்கிறாங்க. நான் மட்டும் இரும்பைக் கிழிச்சிக்கினு கீறேன்" என்று முதல் நாளே தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

நான் வரைபடத்தை விரித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"மேடம், இது காருக்கா, கைக்கடியாரத்துக்கா?"

"மாடல் காருக்கு பாய். ஒண்ணுக்குப் பத்து."

"அது தெரியுது. இந்தக் கம்பிக்கு இன்னா சைஸ் போட்டுக்கிறீங்க பாருங்க. ஒரு மில்லிகூட இல்ல. கட்டர் பட்டா அப்பளம் மாதிரி பூடும்."

"பெரிய வீல்ல எட்டு மில்லி பாய். பத்தால வகுத்தேன்."

"நீங்க வகுத்துட்டீங்க. கட்டரை யாரு வகுக்கிறது?"

நான் சிரித்துவைத்தேன். உள்ளே சிரிப்பு இல்லை. உண்மையில் நான் செய்திருந்தது அவ்வளவுதான். பெரிய சக்கரத்தின் வரைபடத்தை எடுத்து, ஒரு பொத்தானைத் தட்டிப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தேன். அவர் கம்பியின் தடிமனை ஒன்றேகால் மில்லியாக ஏற்றினால் நிற்கும் என்றார். மேனேஜரிடம் கேட்கவேண்டும். கேட்டால், இது முதலிலேயே தெரியாதா என்பார். 'டக்' என்று கண்ணாடி மேஜையில் இறங்கும். வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். "ஒண்ணேகாலே போட்டுக்கோங்க" என்றேன். யாருக்கும் கண்ணால் தெரியாத வித்தியாசம் என்று எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவர் கேட்டார், "நாலும் ஒண்ணுதானே? ரைட்டு, லெஃப்டு வித்தியாசம் எதுவும் இல்லியே?"

மணி நாலரை. ஐந்து மணி வண்டியை விட்டால் பேசின் பிரிட்ஜில் திருவள்ளூர் வண்டி தவறும். நான் பையை மாட்டிக்கொண்டே, "நாலும் ஒண்ணுதான் பாய்" என்றேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இப்போது நினைத்தால் உறுத்துவது இதுதான். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. கால் மில்லி, அரை மில்லிக்கு அவ்வளவு நடுங்கியவள், நடுங்கவேண்டிய இடத்தில் பஸ்ஸில் டிக்கெட் கேட்பவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு வாரமும் ஜலீல் பாயோடு போன்தான். ஒருநாள் கம்பி முறிந்தது என்று போன் செய்தார். ஒருநாள் நாலாவது கம்பியை வெட்டும்போது கரன்ட் போய்விட்டது என்றார். மில்லிங் மெஷின் நடுவில் நின்றால் விட்ட இடம் அதற்கு மறந்துவிடும். அந்த அலுமினிய உருளையைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. தினமும் எந்த நேரத்தில் கரன்ட் போகும் என்று ஈ.பி. ஆபீசில் கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தமாதிரி வேலையைத் தொடங்குவார். ஆனாலும் சலித்துக்கொள்ளவில்லை. இந்த வேலை நன்றாக அமைந்தால் அவர் பெயரை எங்கள் கம்பெனியின் வெண்டர் பட்டியலில் சேர்ப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதில் பெயர் ஏறிவிட்டால் மாதம் தவறாமல் வேலை வரும். பட்டறைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வருவது புதன்கிழமை. திங்கட்கிழமை மதியம் ஜலீல் பாயே சக்கரங்களைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வளையல் டப்பா. பஞ்சுக்குள் நாலு சக்கரங்கள். "ஊட்ல கண்ணாடி வளையலுக்கு இப்டித்தான் வைப்பாங்க" என்றார். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் வளைவு, ஏழு தடவை, பிசிறில்லாமல், குளிர்ச்சியாக என் உள்ளங்கையில் கிடந்தது. ரயில் ஜன்னலில் விரலால் போட்ட கோடு. கொஞ்சம் அழுகைகூட வந்தது.

காரின் வலப்பக்கத்தில் இரண்டையும் மாட்டினேன். நின்ற இடத்திலேயே வண்டி முன்னோக்கிப் பாய்வதுபோல் இருந்தது. பிறகு காரைத் திருப்பி இடப்பக்கம் இரண்டையும் மாட்டினேன். ஏதோ சரியில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இந்தப் பக்கம் கம்பிகள் எல்லாம் பின்னோக்கி வளைந்திருந்தன. வலப்பக்கம் முன்னே ஓடும் கார், இடப்பக்கம் பார்த்தால் பின்னே போய்க்கொண்டிருந்தது. ஒரே மாதிரியான நாலு காற்றாடிகளை இரண்டு பக்கமும் மாட்டினால் வேறு எப்படி இருக்கும்? செருப்பில்கூட இடது கால், வலது கால் உண்டே. அது எனக்குத் தோன்றவே இல்லை. கழற்றித் திருப்பி மாட்டினால் சரியாகிவிடுமா என்று பார்த்தேன். சக்கரத்தின் முதுகை வெளியே வைத்து மாட்டினால்தான் சரியாகும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தண்டபாணி சார் குனிந்து ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? லெஃப்ட் சைடு எங்க?"

நான் யோசிக்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் என்றால்கூட இவ்வளவு வருஷம் உறுத்தாது போலிருக்கிறது. "ரெண்டு ரைட், ரெண்டு லெஃப்ட்னு பாய்கிட்ட சொல்லித்தான் சார் கொடுத்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

அவர் அங்கேயே மேஜை போனில் ஸ்பீக்கரைப் போட்டார். அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "என்னய்யா வேலை பண்ணியிருக்கே? சின்னப் பொண்ணு தெளிவா சொல்லி அனுப்பியிருக்கு, நாலையும் ஒரே அச்சா அடிச்சுக் கொடுத்திருக்கே? நாளான்னிக்குப் பார்ட்டி வருது. வெண்டர் லிஸ்ட்டாம், லிஸ்ட்! அதை மறந்துடு."

ஸ்பீக்கரில் லேத்து சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. இப்போது சொல்லப்போகிறார், இப்போது சொல்லப்போகிறார் என்று என் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு சாய்ங்காலத்துக்குள்ள லெஃப்டு ரெண்டும் குடுத்துர்றேன் சார்" என்றார் ஜலீல் பாய். அவ்வளவுதான்.

அன்று மாலை வண்டியில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அம்மா தட்டை வைத்துவிட்டு, "ஏண்டி, ஆபீசுல யாராவது ஏதாவது சொன்னாளா?" என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை என்னைப் பட்டறைக்கே போய் உட்காரச் சொல்லிவிட்டார் மேனேஜர். ஷேர் ஆட்டோவில் போகும்போது, டயர் பஞ்சராகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். ஆகவில்லை. ஜலீல் பாய் என்னைப் பார்த்தார். ஸ்டூலைத் துடைத்து நகர்த்திவைத்தார். மெஷினுக்குப் பக்கத்தில் என் வரைபடம் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலில், உருண்டை உருண்டையான எழுத்தில், 'நாலும் ஒண்ணு — மேடம் சொன்னது' என்று எழுதியிருந்தது. நேற்று போனில் அவர் இதை வாசித்திருந்தால் போதும்.

கம்ப்யூட்டரில் வடிவத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட ஒரு கட்டளை போதும். ஆனால் வெட்டுகிற கட்டர் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். பாதையைத் திருப்பினால் அது உலோகத்தை வேறு விதமாகக் கடிக்கும். முதல் உருளையில் மூன்றாவது கம்பி முறிந்து டிக்கென்று மெஷின் கதவுக் கண்ணாடியில் அடித்தது. நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு, ஒவ்வொரு கம்பியையும் மறுமுனையிலிருந்து வெட்டும்படி புரோகிராமை முழுக்க மாற்றி எழுதினார். முதல் சக்கரம் முடியும்போது மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்குக் கரன்ட் போனது.

நாலு மணிக்குத்தான் வரும். தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு ஸ்டூல் போட்டார். டீ வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று.

"பாய், நாலும் ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"மேனேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார். பெரிய மனதோடு ஏதாவது சொல்லி என்னை மன்னித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது.

"உன்னைக் காப்பாத்தணும்னு நெனச்சியா?" அன்றுதான் முதல் முறையாக 'மேடம்' காணாமல் போயிருந்தது. "அதெல்லாம் இல்ல. நான் சொன்னா அவரு நம்புவாரா? படிச்ச பொண்ணு சொல்றத நம்புவாரா, லேத்துக்காரன் சொல்றத நம்புவாரா? நான் பொய்யன்னு ஒரு பேரும் சேந்து வரும். அதான் வாயை மூடிக்கினு இருந்தேன்."

நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கும் டவுட்டு இருந்துச்சும்மா. அதான் கேட்டேன். லிஸ்ட்ல பேரு வரப்போவுதுன்னு ஊட்ல சொல்லி வெச்சுட்டேன். இப்ப போய் இன்னா சொல்றது? ஒரே பேஜாரு." டீ கிளாஸைத் தரையில் வைத்தார். "அழுவாதே. சந்துல போறவங்க நான் எதுவோ சொல்லிட்டேன்னு நெனப்பாங்க."

அழுகையை நிறுத்துவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். நிறுத்திவிட்டேன்.

நாலு மணிக்குக் கரன்ட் வரவில்லை. நாலே கால். நாலரை. அவர் வாசலுக்கும் மெயின் சுவிட்சுக்குமாக நடந்தார். நான் பக்கத்துக் கடையில் எரியாமல் தொங்கும் ஒரு குண்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுபோல ஒரு பல்பை வாழ்க்கையில் நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. நாலே முக்காலுக்கு அது எரிந்தது. இரண்டாவது சக்கரம் ஓடும்போது இருவரும் மெஷின் கதவருகே நின்றோம். ஏழாவது கம்பி முடிந்து கட்டர் மேலே ஏறியதும் அவர், "அல்லா" என்று ஒரே வார்த்தை சொல்லி உட்கார்ந்தார். அதே வளையல் டப்பாவில் பஞ்சு வைத்து என்னிடம் கொடுத்தார். வலப்பக்கத்து மாதிரியே உபரியாகிப்போன இரண்டையும் மதியமே நான் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ரயிலில் முடிவு செய்தேன். பேசின் பிரிட்ஜில் ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் அவர் அன்று டை கட்டியிருந்தார். டை கட்டிய மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வந்தார்கள். மூவரில் மூத்தவர், நரைத்த தலை, மெல்லிய குரல். தண்ணீர் பாட்டில்களை அடுக்கும் சாக்கில் நான் சுவரோரம் நின்றேன். அவர் காரைக் கையிலெடுத்து, சுண்டுவிரலால் ஒரு சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். திருப்பி அந்தப் பக்கத்தையும் பார்த்தார். "இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறீர்களே" என்று நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார். "ஆமாம் சார்" என்று எங்கள் மேனேஜர் பெருமையோடு சொன்னார்.

பெரியவர் சிரித்தார். மாதிரி ரொம்ப அழகு என்றார். ஆனால் உற்பத்திக்கு வரும்போது தாங்கள் ஒரே அச்சுதான் போடுவோம், நாலு சக்கரமும் ஒன்றுபோலவே வார்ப்போம் என்றார். இரண்டு அச்சு வீண். ஓடுகிற காரின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்?

"ஆமாம் சார், ஆமாம் சார்" என்று தண்டபாணி சாரும் சிரித்தார். நான் கையிலிருந்த பாட்டிலை ரொம்ப மெதுவாக மேஜைமேல் வைத்தேன்.

அவர்கள் சாப்பிடப் போனதும் மேனேஜரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கம்பியின் தடிமனை நானே மாற்றியதையும் சேர்த்து. கண்ணாடி மேஜைக்கு வந்தது.

"இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"திட்டியிருப்பீங்க சார்."

"திட்டியிருப்பேன். அப்புறம்?"

அந்த அப்புறத்தை நான் யோசித்ததே இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். இந்தத் தடவை ஸ்பீக்கரைப் போடவில்லை. "பாய், தப்பு எங்க பக்கம்தான். முந்தாநாள் நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொன்னது மட்டும் கேட்டது. திங்கட்கிழமை அறை முழுக்கக் கேட்கத் திட்டியவர், மன்னிப்பை ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறாரே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் அன்றைய கையிருப்பில் இல்லை.

ஜலீல் பாயின் பெயர் பட்டியலில் ஏறியது. என் பயிற்சிக்காலத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் அந்த வருஷக் கடைசியில் வெளிநாடுகளில் கார் விற்பனை படுத்துவிட்டது. பெரியவரின் கம்பெனி புதுக் காரைத் தள்ளிப்போட்டது. பிறகு அதைப்பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். பட்டியலில் பெயர் இருந்தது, கொடுக்கத்தான் வேலை இல்லை. நீட்டித்த ஆறு மாதம் முடிவதற்குள் பயிற்சியாளர்கள் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். நான் அவ்வளவு பயந்த கைகுலுக்கல்கூட நடக்கவில்லை. ஒரு உறை, உள்ளே ஒரு தாள்.

அன்று ரயிலுக்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். ஜலீல் பாய் பில் புத்தகத்தின்மேல் காற்றில் பறக்காமலிருக்க வைத்திருந்த இரண்டு சக்கரங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த உபரிச் சக்கரங்கள்தான்.

"பாத்தியா, தப்பா செஞ்சதைக்கூட இன்னா சுத்தமா செஞ்சிக்கிறேன்" என்று சிரித்தார். "ஊட்ல காட்டினேன். இதுவா தப்புன்னு கேக்கறாங்க."

அந்தப் பெரியவர் சொன்னதை அவரிடம் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. வாய்வரை வந்தது. அவர் விழுங்கிய திட்டு, அந்த நாலரை மணி வெயில், மறுமுனையிலிருந்து எழுதிய புரோகிராம் எல்லாம் தேவையே இல்லை என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். "நல்லா இருக்கு பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரகப்பிரவேசத்துக்காகக் கும்மிடிப்பூண்டி போயிருந்தோம். கணவரிடம் சொல்லி வண்டியை சிப்காட் பக்கம் விடச் சொன்னேன். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் ஒரு கிடங்கு. நெடுக அட்டைப்பெட்டிகள். நாங்கள் ஆறு பேர் குளிரக் குளிர உட்கார்ந்திருந்த டிசைன் அறைப் பக்கம் லாரிகள் பின்னோக்கி வந்து நிற்கும் மேடை. உலையின் சூடு இல்லை, கூலன்ட் வாடை இல்லை. பைபாஸை அகலப்படுத்தியதில் சந்து முழுக்க சர்வீஸ் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. வேப்பமரம் எந்த இடத்தில் நின்றது என்றுகூட என்னால் சொல்லமுடியவில்லை. பெட்ரோல் பங்கில் கேட்டேன். "லேத்து பாயா? ரோடு போட்டப்பவே பூட்டாரே. ஆந்திரா பக்கம்னு சொன்னாங்க" என்றார்கள். தண்டபாணி சார் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது.

ஜலீல் பாயின் கைப்பேசி எண் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவ்வளவு தடவை அழுத்தியிருக்கிறேன். பங்கின் ஓரத்தில் நின்று கூப்பிட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்து, யார் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள்.

"ஹலோ, எவரு காவாலி?"

ஜலீல் பாய் இருக்கிறாரா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். "ராங் நம்பர் அம்மா" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பாய், நீங்கள் முதலில் செய்து கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் சரியாம் என்று சொல்வதற்குத்தான் கூப்பிட்டேன்.